மேல் மூலையில் ஐந்து தட்டு

எங்கள் சலவை ஆலையில் புதிதாகச் சேருகிற எவருக்கும் முதல் நாளே மூன்று விஷயம் சொல்லிவிடுவார்கள். சூடான உருளைப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. கேன்டீன்காரரிடம் இரண்டாவது டீ கேட்காதே. மூன்றாவது, 'அஞ்சு தட்டு'வின் காதல் கதை.

கதை இதுதான். ஆலையில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் தொடுதிரை வைத்துக் கொடுத்த மனுஷர், இஸ்திரி மெஷின் ஓட்டிய அக்காவிடம் மனதைப் பறிகொடுத்தார். அக்காவின் படத்தை அந்தத் திரைக்குள்ளேயே ஒளித்துவைத்தார். திரையின் இடது மேல் மூலையில் ஐந்து முறை தட்டினால் அக்கா முகம் வரும், சிரிக்கும். பிற்பாடு பழைய திரையைக் கழற்றியபோது, குப்பையில் போட விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். போகும்போது கன்னமெல்லாம் ஈரம்.

இதில் திரையைக் கொண்டுபோனது உண்மை. மார்போடு அணைத்ததும் உண்மை. மூன்று கிலோ இரும்புச் சட்டம், கைப்பிடி கிடையாது, வேறெப்படித் தூக்குவது? கன்னத்தில் ஈரமும் உண்மை. அன்றைக்கு மழை.

மிச்சத்தை நான் சொல்கிறேன். உலர்த்தும் மெஷினுக்கும் இஸ்திரி மெஷினுக்கும் நடுவே இருபத்தைந்து வருடம் தள்ளுவண்டி தள்ளினவன். என் பெயரே அங்கே 'வண்டி'தான். இந்த வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரியும். கொஞ்சமென்ன, நன்றாகவே தெரியும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த 'அஞ்சு தட்டு' எங்கள் ஆலைக்கு வந்ததே ஒரு சீட்டாட்டத்தால். உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் அப்போது சாதாரண கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. சூட்டைக் கூட்ட, குறைக்க எல்லாம் அதில்தான். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தைச் சுருக்கி ஓரத்தில் தள்ளிவிட்டு அதில் சீட்டு விளையாடுவார்கள். ஒருநாள் ஆட்டம் சூடு பிடித்தது, உள்ளே துண்டுகளும் சூடு பிடித்தன. நானூறு வெள்ளைத் துண்டுகள் பிஸ்கட் நிறத்தில் வெளியே வந்தன. எங்கள் மேனேஜருக்கு 'கடிகாரம்' என்று பெயர். டீக்குப் போனவன் எத்தனை நிமிஷத்தில் திரும்பினான் என்பதை மனதிலேயே வைத்திருப்பார். அவர் அந்தத் துண்டுகளில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டே போய் யாரையோ விசாரித்து, இவரைக் கூட்டிவந்தார்.

ஒல்லியான ஆள். சட்டையில் இரண்டு பை, இரண்டிலும் திருப்புளி. கையில் மடித்துவைக்கிற கீபோர்டு. முதலில் டிவி ரிப்பேர் பார்த்தவராம், பிறகு பேருந்து நிலையத்தில் டிக்கெட் எடுக்கும் திரைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவராம். அதே வித்தையை மெஷினுக்குக் கொண்டுவந்தார். மெஷின் பக்கவாட்டில் ஒரு திரை. அதன் முதுகில் உள்ளங்கை அகலத்தில் கம்ப்யூட்டர். கரண்டைப் போட்டால் நேராக ஒரே ஒரு பக்கம் வரும். மூடும் பொத்தான் இல்லை, சுருக்கும் பொத்தான் இல்லை, பின்னால் போக வழியில்லை.

"அண்ணே, உள்ள முழு கம்ப்யூட்டர் இருக்குன்றீங்க, ஒரே பக்கத்ததான் காட்டுது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் நெறைய பக்கம் காட்டினேன்" என்றார்.

எங்கள் ஆட்கள் வேலை முடிந்தால் மெயின் சுவிட்சை அப்படியே அணைத்துவிட்டுப் போவார்கள், ஃபேனை நிறுத்துவதுபோல. கம்ப்யூட்டருக்கு அது ஆகாது, உள்ளே எழுதிக்கொண்டிருப்பது பாதியில் கெட்டுப்போகும். அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. உள்ளே எதுவுமே எழுதப்படாதபடி பூட்டிவிட்டார். எப்போது அணைத்தாலும், மறுபடி போட்டால் முதல் நாள் எழுந்த மாதிரியே எழுந்திருக்கும். "நேத்து நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. பாக்கியசாலி" என்று திரையைத் தட்டிக்கொடுத்தார்.

உள்ளே போக அவருக்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார். இடது மேல் மூலையில் வேகமாக ஐந்து தட்டு, பிறகு ஒரு ரகசிய எண். அப்படித் தட்டித் தட்டி அது கை வியாதியாகிவிட்டது. கேன்டீன் மேசை, சாப்பாட்டு டப்பா, என் தள்ளுவண்டி, எதன் மூலையைக் கண்டாலும் ஐந்து தட்டு. வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவாராம். "நாலோட நிறுத்தினா தொறக்க மாட்டேன், வேற ஆளுன்னு அர்த்தம்" என்பார் அண்ணி, அவர் மனைவி. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இப்போது இஸ்திரி அக்கா. அந்த மெஷின் ஒரு வீட்டின் முன்னறை அகலம் இருக்கும். ஈரத் துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் சூடான உருளைகளுக்கு நடுவே ஓடி அந்தப் பக்கம் மடிப்பு இல்லாமல் வரும். குளிர்காலக் காலைகளில் நாங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவோம். அப்போதுதான் வெளியே வந்த விரிப்பை அக்கா எங்கள் கன்னத்தில் ஒரு நொடி ஒற்றி எடுப்பார். "போதும், மடி. எல்லாரும் எங்க வந்து நிக்கறீங்க, பிரசவ வார்டா இது?" அந்தச் சூடும் சோப்பு மணமும் இன்றைக்கும் கன்னத்தில் இருக்கிறது. இப்போது துணியை மெஷினே மடித்துக் கட்டிவிடுகிறது. கன்னத்தை வைத்தால் உறையின் பிளாஸ்டிக்தான் ஒட்டும்.

அந்த மெஷினின் திரையில் பன்னிரண்டு பொத்தான்கள், நான்கு வரிசையில் மூன்று மூன்றாக. தலையணை உறை, மேசைத் துணி, ஒற்றைக் கட்டில் விரிப்பு, இரட்டைக் கட்டில் விரிப்பு, போர்வை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி என்று. சரியான பொத்தானை அழுத்தினால் அந்தத் துணிக்கேற்ற சூடும் வேகமும் அதுவே வரும். தப்பாக அழுத்தினால் தடித்தது ஈரமாக வரும், மெல்லியது மஞ்சளாக வரும். அக்கா ஐந்து வருடம் ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்தியதில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே கை மட்டும் போய் அழுத்திவிட்டு வரும், தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற கை மாதிரி.

அந்த ஐந்தாவது வருடம்தான் நம் ஆளுக்கு ஒரு யோசனை உதித்தது. நன்றாக ஓடுகிற ஒன்றைச் சும்மா விட்டுவைக்க அந்தத் தொழில்காரர்களால் முடியாது. பூட்டிய கம்ப்யூட்டரில் ஒரு ஓரத்தை மட்டும் திறந்துவிட்டால், எந்தப் பொத்தான் அதிகம் அழுத்தப்படுகிறது என்று அது அங்கே எண்ணிவைக்கும். அதிகம் வேண்டியது முதல் வரிசைக்கு வரும், வேண்டாதது கீழே போகும். தினம் காலையில் அதுவே பார்த்து அடுக்கிக்கொள்ளும். ஒரு திங்கட்கிழமை அதை ஏற்றிவிட்டு எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். கடிகாரம்கூட ஒன்று வாங்கி வாயில் போட்டார், நேரம் பார்த்துவிட்டு.

செவ்வாய்க்கிழமை இருநூறு தலையணை உறைகள் காந்தல் வாசனையோடு வந்தன. புதன்கிழமை ஹோட்டல் மேசைத் துணிகள் மஞ்சளாக வந்தன. வியாழக்கிழமை இரட்டை விரிப்புகள் பிழியலாம்போல வந்தன. அக்கா மெஷினுக்கு முன்னால் நின்று, கையை நீட்டுவார், பாதியில் நிறுத்துவார், எடுத்துவிடுவார். இருபது வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது. கேன்டீனில் ஒருத்தி, "வயசாயிடுச்சு, ஞாபகம் தப்புது பாவம்" என்றாள். இன்னொருத்தி அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று நாசூக்காக விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை கடிகாரம் வந்தார். "அம்மா, அடுத்த புதன்கிழமைல இருந்து நீங்க அழுக்கு பிரிக்கிற ரூமுக்குப் போயிடுங்க. இங்க கவனம் வேணும்."

அழுக்கு பிரிக்கிற அறை என்றால், ஆஸ்பத்திரி மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டுகிற இடம். அங்கே வேலை பார்ப்பவர்கள் கேன்டீனில் கடைசி மேசையில்தான் உட்காருவார்கள். யாரும் சொல்வதில்லை, அவர்களே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா உருளையின் ஓரத்தில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஆளுக்கு ஆள் போனது. திரைதான் பழுது என்று அவர் நினைத்தார். சனிக்கிழமை வந்தார், புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. சந்தேகத்துக்குத் திரைக் கண்ணாடியையே மாற்றினார். அன்றைக்கும் தப்பு வந்தது. ஞாயிறு லீவு. திங்கட்கிழமை ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலை முழுக்க இருவரும் அடுத்தடுத்து. உலர்த்தும் மெஷின் இரைச்சலில் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் காதில் விழவில்லை. கண்ணில் விழுந்தது ஒன்றே ஒன்று. அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். அக்கா போட்டுக்கொண்டார். இருவரும் ரொம்ப நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

ஒரு ஆண்பிள்ளை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? கேன்டீனில் போய் நான் இந்தக் கேள்வியை மட்டும்தான் கேட்டேன். பதிலை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அன்று அங்கே என்ன பேசினார்கள் என்பதைப் பத்து வருடம் கழித்து அக்காவே என்னிடம் சொன்னார்.

"அக்கா, இப்ப எதை அமுக்கினீங்க?"

"மேசைத் துணி தம்பி."

"அதுமேல என்ன எழுதியிருக்கு, பாருங்க."

"கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்."

"சனிக்கெழமையும் வீட்லன்னுதான் சொன்னீங்க."

"அதுக்கு வீடுன்னா பிரியம்."

அப்போதுதான் அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். "இதப் போட்டுப் பாருங்க. கிட்டத்துல படிக்கிற கண்ணாடிதான்."

அக்கா போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு மேசைத் துணி வெளியே வந்து, யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தது.

"உன் கண்ணாடி எனக்கு ஒத்துக்கல தம்பி" என்றார்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவின் கண்ணில் குறையில்லை, கையில் குறையில்லை, ஞாபகத்திலும் இல்லை. பன்னிரண்டு பொத்தானையும் அக்கா எழுத்தை வைத்து அறிந்ததே இல்லை. முதல் நாள் அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னபோது இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான். மூன்றாவது வரிசை, வலது ஓரம், மேசைத் துணி. அந்த இடத்தைத்தான் இவருடைய புது யோசனை தினம் காலையில் மாற்றிக்கொண்டிருந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுது. அவரு போய்ச் சேந்துட்டாரு. இப்ப உனக்குத் தெரியும், பாத்து நடந்துக்கோ."

மெஷினில் நிற்க எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும் என்று ஆலையில் விதி. அக்காவின் விண்ணப்பத்தில் வீட்டுக்காரர்தான் தாராளமாக எட்டு என்று எழுதியிருக்கிறார். வெளியே தெரிந்தால் மெஷின் போய்விடும். கூடவே, பொய் சொல்லிச் சேர்ந்தவள் என்ற பேரும் வரும்.

"ஒவ்வொரு பொத்தானுக்கும் சின்னதா படம் போட்டுடறேங்க்கா."

"போடு. நாளைக்கே எவளாவது கேப்பா, இத்தன வருஷம் இல்லாத படம் இப்ப எதுக்கு, யாருக்குன்னு. எனக்குப் படமும் வேணாம், பாட்டும் வேணாம். என் பழைய எடம் வேணும், அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை காலை அவர் நேராகக் கடிகாரத்தின் அறைக்குப் போனார். வாசலில் என் வண்டி தற்செயலாக நின்றுகொண்டிருந்தது. நானும் தற்செயலாக அதன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தப்பு எம்மேல சார். பொத்தான எடம் மாத்திட்டேன்."

"எடம் மாறினா என்ன, மேல பேரு எழுதியிருக்குல்ல? படிச்சுப் பாத்து அமுக்க வேண்டியதுதான?"

என் சக்கரம் அதற்குமேல் சுத்தமாக முடியாது. இருந்தாலும் தேய்த்தேன்.

"சார், உங்க கார்ல பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் எடம் மாத்தி, மேல அழகா பேரெழுதி ஒட்டித் தரேன். நாளைக்குப் படிச்சுப் படிச்சு ஓட்டிட்டு வாங்க."

கடிகாரம் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லேன்னு எழுதிக் குடுப்பியா? நோட்டீஸ் போர்டுல போடுவேன். ஒரு மாசம் தொங்கும்."

"ரெண்டு மாசம் தொங்கட்டும்."

தொங்கியது. 'தவறு மென்பொருளில். இயக்கியவர்மீது எந்தக் குறையும் இல்லை' என்று அவர் கையெழுத்தோடு. அதற்குப் பிறகு கடிகாரம் கையொப்பமிட்ட தாள் இல்லாமல் எந்தத் திரையையும் அவர் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பொடிசெல்லாம் அவரைப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு என்ன தப்பு பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று கேட்கும். அவர் அதன் தலை மூலையில் ஐந்து தட்டு தட்டிவிட்டுப் போவார்.

அந்த ஒரு மாதமும் அக்கா தினம் என்னைக் கூப்பிடுவார். "டேய் வண்டி, கண்ணாடி இல்ல. அந்த போர்டுல என்னடா எழுதியிருக்கு?" படித்துச் சொல்வேன். "இன்னொரு வாட்டி படி." படிப்பேன். நானும் எட்டாவது வாசலோடு திரும்பினவன்தான், ஆனால் ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். நாளாக ஆக நானாகச் சேர்த்தும் படித்தேன். 'இவர்போல் இயக்குபவர் ஒருவர் இந்த ஆலைக்குக் கிடைத்தது பாக்கியம்' என்று முடிப்பேன். "நேத்து இது இல்லையே" என்பார். பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்தவருக்கு இதுவா கஷ்டம். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. காதல் கடிதம் படிக்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

தாளில் கடிகாரத்தின் கையெழுத்து வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமையே அவர் திரையைத் திறந்தார். பழைய வரிசையை வைத்தார். பிறகு ஐந்து தட்டு தட்டி, ரகசிய எண்ணைப் போட்டு, "அக்கா, விரலை வச்சு இழுத்தா பொத்தான் நகரும். உங்களுக்கு எங்க வேணுமோ அங்க வைங்க" என்றார்.

அக்கா முதலில் தொடவில்லை. ஆஸ்பத்திரி வண்டி எந்தக் கதவு வழியாக வரும் என்று என்னிடம் கேட்டார், தெரியாததுபோல. இடது கதவு. ஆஸ்பத்திரித் துணி எல்லாம் இடப்பக்கம் வைத்தார். ஹோட்டல் துணி வலப்பக்கம். தடித்தவை கீழே, மெல்லியவை மேலே, அலமாரியில் அடுக்குகிற மாதிரி. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நம் ஆள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாகத் தான் கட்டிய வீட்டில் சமையலறை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்ட கொத்தனாரின் முகம்.

புதன்கிழமை அக்கா எங்கும் போகவில்லை. அந்த வரிசையிலேயே இன்னும் பத்து வருடம் ஓட்டினார். அவர் விடுப்பில் போனால் வருகிற புது ஆள்கூட அரை நாளில் கற்றுக்கொண்டது. நம் ஆள் அதற்குப் பிறகு வேறு எத்தனையோ சலவை ஆலைகளுக்குத் திரை வைத்தார். எல்லா இடத்திலும் மேலே மெல்லியது, கீழே தடித்தது, வண்டி வருகிற கதவுப் பக்கம் அந்தத் துணி. யார் போட்ட வரிசை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அக்கா ஓய்வு பெற்ற அன்று மைக்கைக் கொடுத்தார்கள். "எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இருபத்தோரு வருஷம் உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கடிகாரம்தான் அதிகம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. சிரிக்காமல் இருந்தது ஒரே ஆள், பின் வரிசையில் நாற்காலி மூலையைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அக்கா சட்டம் போட்ட பாராட்டிதழை என் கையில் கொடுத்து, "டேய் வண்டி, படி. சேக்காம படி" என்றார். கண்ணாடியைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "இனிமே யார்கிட்ட வேணாலும் சொல்லு. உன்கிட்ட சொன்னா சொல்ல வேண்டிய வேலை மிச்சம்" என்றார்.

சொன்னேன். யாரும் நம்பவில்லை. அதற்குள் காதல் கதைக்குப் பத்து வயதாகிவிட்டது, படம் வேறு சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம் புதுத் திரைகள் வந்தன, கண்ணாடிபோல் வழவழவென்று. இஸ்திரி மெஷினின் பழையதை நம் ஆள் மழையில் தூக்கிக்கொண்டு போனார். அவரும் இப்போது வேலையை விட்டாயிற்று. போன வாரம் இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவில் ஐந்து தட்டினேன். "நீயா? அவருதான் உள்ள இருக்காரே, யாருடா அதுன்னு பாத்தேன்" என்றார் அண்ணி.

திரை சமையலறைச் சுவரில் இருக்கிறது. ஓடிக்கொண்டும் இருக்கிறது. பன்னிரண்டு பொத்தான்கள், மேலே 'இஸ்திரி மெஷின் இணைக்கப்படவில்லை' என்று சிவப்பு எழுத்து. மேல் வரிசையின் வலது ஓரம், அக்கா மேசைத் துணியை வைத்த இடம், விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது.

"தெனமும் அதுக்குத் தூசி தட்டறாரு. எனக்கு ஒரு டீ போட்டுத் தந்ததில்ல" என்றார் அண்ணி.

மூலையில் ஐந்து தட்டிப் பார்க்க எனக்குக் கை அரித்தது. அதை விட்டுவிட்டு, எழுதியதை முழுக்கப் படித்துக்காட்டினேன், சேர்க்காமல். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தவர் என்று ஒரு வரி வைத்திருந்தேன். அதில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அடிச்சுடு. நான் பழியப் போட்டுக்கல, தப்பே என்னோடதுதான். தப்பு பண்ணவன் தப்புன்னு சொன்னா அதுக்கு எதுக்குடா மாலை?"

"சரிண்ணே. அந்தக் காதல் விஷயத்துக்கு என்ன எழுத?"

எழுந்து போய்த் திரையில் ஐந்து தட்டினார், எண்ணைப் போட்டார். பொத்தான்களைச் சுற்றி மெல்லிய கோடு வந்தது, நகர்த்தலாம் என்பதற்கு. படம் எதுவும் வரவில்லை.

"பாத்துக்க. காதலும் இல்ல, போட்டோவும் இல்ல. பன்னெண்டு பொத்தான், எல்லாம் அந்தம்மா வச்ச எடம். நான் வச்சது ஒண்ணுகூட இல்ல. மறுபடி எனக்கு புத்திசாலித்தனம் வந்தா பாக்கறதுக்குன்னு மாட்டி வச்சிருக்கேன். அந்தக் கதையக் கெளப்புனது யாருன்னும் எனக்குத் தெரியும். அன்னிக்கு கண்ணாடியக் கழட்டின பிறகு எனக்குக் கிட்டத்துலதான் மங்கலா இருந்துச்சு. தூரத்துல வாயப் பொளந்துட்டு நின்ன உன் வண்டி நல்லாவே தெரிஞ்சுது."